வடிநீர் பார்க்கும் அக்கா

ஆய்வுக்கூடத்தில் எதை வடிகட்டினாலும் நாங்கள் எல்லோரும் தாளின் மேல் தங்கியதைப் பார்ப்போம். அக்கா மட்டும் குனிந்து, கீழே குடுவைக்குள் இறங்கியதைப் பார்ப்பார்.

“மேல தங்குனது எங்கயும் போகாது கண்ணு. அதைச் சாவகாசமாப் பாத்துக்கலாம். கீழ எறங்குனதைத்தான் இப்பவே பாக்கோணும்” என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார்.

கோயம்புத்தூரில், அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் பிஎச்.டி.க்குச் சேர்ந்தோம். நான் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வந்தவள். அவர் கல்யாணமாகி, மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்து, விட்ட இடத்திலிருந்து படிப்பைப் பிடித்தவர். கணவர் பம்புசெட் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். சிங்காநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். நெட்டையான ஆள். ஒல்லி. பருத்திப் புடவைக்கு மேல் போட்ட ஆய்வுக்கூடக் கோட்டு அவருக்கு முழங்கால்கூட எட்டாது. வயதில் மூத்தவர் என்பதால் துறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. எங்கள் கைடுகூட மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது உண்டு.

எங்கள் இருவருக்கும் ஒரே பொருளில்தான் வேலை. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை மெத்தனால் என்ற திரவத்தோடு சேர்த்து டீசல் போல எரியும் பொருளாக மாற்ற அமிலம் வேண்டும். வழக்கமாகக் கந்தக அமிலத்தை ஊற்றுவார்கள். வேலை சுருக்காக முடிந்துவிடும். ஆனால் முடிந்தபின் அந்த அமிலத்தைக் கழுவி வெளியே தள்ள வேண்டும். கழுவக் கழுவத் தண்ணீர் கெடும். அதற்குப் பதில் ஒரு திட அமிலத்தைச் சிலிக்காவுக்குள் அடைத்துவிட்டால், வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். சிலிக்கா என்பது வேறொன்றுமில்லை. புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளுக்குள் டங்ஸ்டன் கலந்த அமிலத்தை அடைப்பதுதான் எங்கள் வேலை. நான் அதை வைத்து வேறு சில வேதிவினைகளைச் செய்தேன். அக்கா எண்ணெயை எடுத்துக்கொண்டார்.

சிலிக்காக் கரைசலில் அமிலத்தைக் கலந்து மூடி வைத்தால் மெல்ல நுங்கு போல உறையும். அவசரப்பட்டு உலர்த்தினால் வெடித்துப்போகும். பொறுமையாக உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கழுவி, சூடேற்றினால் வெள்ளைத் தூள் கிடைக்கும். அதைச் சின்னக் குப்பிகளில் போட்டு, பெரிய கருவிகள் இருக்கிற வெளியூர் நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். அமிலம் உடையாமல் இருக்கிறதா, துளைகள் அடைபட்டுப்போயினவா, உள்பரப்பு எவ்வளவு என்றெல்லாம் படம் படமாக வரும். ஒரு கரண்டித் தூளுக்குள் அரை ஏக்கர் பரப்பு இருப்பதாகக் கணக்கு வந்த அன்று அக்கா கைடிடம், “பட்டா வாங்கிப்போடலாமுங்களா சார்?” என்று கேட்டார். அவர் சிரிக்காத மனிதர். அன்றைக்குச் சிரித்தார்.

எண்ணெய், கல்லூரி வாசலில் இருந்த பேக்கரியிலிருந்து வரும். கடைக்கார பாய் பஜ்ஜி சுட்ட எண்ணெயைக் கேனில் எடுத்து வைத்திருப்பார். “ஏனுங்க மேடம், இதுல என்ன இருக்குதுன்னு வெளிய சொல்லிராதீங்க, பொழப்புக் கெட்டுரும்” என்பார். அக்கா அவரிடம் ஒருமுறை, மீதி எண்ணெயை எங்கே ஊற்றுகிறார் என்று கேட்டார். பாய் பின்பக்கச் சாக்கடையைக் காட்டினார். அதன் பிறகு தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லா எண்ணெயையும் அக்காவே வாங்கிவரத் தொடங்கினார். எங்கள் ஆய்வுக்கூட மேசைக்கு அடியில் கேன்கள் நிரம்பின. அறை முழுக்க வெங்காய பஜ்ஜி வாசம். பிற துறைக்காரர்கள் கதவைத் திறந்தால் மூக்கை உறிஞ்சிவிட்டு, “டீ இருக்கா?” என்பார்கள்.

அவிநாசித் தேருக்கு ஒரு வருடம் அக்காவையும் அவர் மகளையும் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். தேர் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவைக் காணோம். தேடிப் போனால், சமையலறைக்குப் பின்னால் நின்று, பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏனுங்க அம்மணி, ஊட்டுக்கு வந்தவங்க சாமி ரூமப் பாப்பாங்க, கட்டிலு பீரோவப் பாப்பாங்க. நீங்க சாக்கடையப் பாக்கறீங்களே.”

“வாழைக்குத்தானுங்க போகுது. நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த ஆண்டு முழுக்க எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் பின்பக்கம் எட்டிப் பார்க்கும் பழக்கம் அம்மாவுக்கும் வந்துவிட்டது.

மூன்றாம் ஆண்டில் எங்கள் பொருள் நன்றாக வந்தது. எண்ணெய் அழகாக மாறியது. தூளை வடித்து மறுபடி போட்டாலும் வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் வேகம் கொஞ்சம் குறைந்தது. வடிகட்டும்போது தூள் சிந்துவதால்தான் குறைகிறது என்றார் கைடு. எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. அக்காவின் கட்டுரை ஓர் இதழுக்குப் போனது. காங்கயம் பக்கத்து எண்ணெய் ஆலைக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு, சிறிய அளவில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். கைடு வராண்டாவைக் கூட்டச் சொன்னார். புது டீ கப் வாங்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது அக்கா ஒரு குடுவைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வினை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே சூடு ஆறாமல் தூளை வடிகட்டி எடுத்துவிட்டிருந்தார். தெளிந்த திரவம் மட்டும் குடுவையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் தூள் ஒரு துளி இல்லை. வேலை நின்றிருக்க வேண்டும்.

“நிக்கலை கண்ணு” என்றார். “அது பாட்டுக்கு நடந்துட்டே இருக்குது.”

தூள் இல்லாமலே வேலை நடக்கிறது என்றால், வேலையைச் செய்வது தூளுக்குள் இருக்கும் அமிலம் இல்லை. அது மெத்தனாலில் கரைந்து வெளியே வந்துவிட்டது. நாங்கள் பூட்டி வைத்திருப்பதாக நினைத்தது ஒழுகிக்கொண்டிருந்தது. அவருடைய மூன்று ஆண்டு வேலை மட்டுமல்ல, என்னுடைய இரண்டு அத்தியாயங்களும் அதே தூளை நம்பித்தான் நின்றன.

கைடின் அறைக்கு இருவருமாகப் போனோம். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஒருமுறை செய்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றார். இரண்டு முறை செய்தேன் என்றார் அக்கா. எல்லாப் பொருளிலும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்றார் கைடு.

“கொஞ்சம் இல்லீங்க சார். வேலையே அதுதானுங்க செய்யுது.”

“சரிம்மா. முதல்ல பேப்பர் வரட்டும். திங்கட்கிழமை அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் உக்காந்து சரி பண்ணிக்கலாம்.”

“அவிங்க பெரிய டேங்க்குல போடுவாங்க சார். அந்தக் கழுவுன மெத்தனாலு எங்கீங்க போகும்?”

“அது அவங்க பாடு.”

அக்கா கையிலிருந்த குறிப்பேட்டை மூடினார். பிறகு, “நான் அவிங்ககிட்டச் சொல்லிப்போடறனுங்க சார். நீங்க கோவிச்சுக்காதீங்க” என்றார். இவ்வளவு பணிவாக ஒருவர் மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. கைடு மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை ஆலைக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் ஒரு டஜன் இளநீர் கொண்டுவந்திருந்தார். அக்கா தூளைக் காட்டினார். எண்ணெயைக் காட்டினார். பிறகு வடிநீர்க் குடுவையைத் தூக்கிக் காட்டி, “அமிலம் இதுல எறங்கிருதுங்க. இப்போதைக்கு இதை ஆலைல போடாதீங்க” என்றார். கைடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆலைக்காரர் குடுவையை வாங்கி, தூக்கிப் பார்த்தார். “தெளிவாத்தானுங்க இருக்குது?”

“பாக்கறதுக்குத் தெளிவாத்தானுங்க இருக்கும்.”

“அப்புடீங்களா. சொன்னது நல்லதாப் போச்சுங்க. சரியானப்பொறவு ஒரு போன் போடுங்க.” டீயைக் குடித்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டார். போனவர் திரும்பி வரவில்லை.

அன்று மாலை நான் அக்காவிடம் சண்டை போட்டேன். “உங்களுக்கு வூட்டுக்காரர் சம்பளம் இருக்குதுக்கா. எனக்கு பெலோஷிப் முடியப்போகுது. உங்க வேலை போனாச் செரி, என்னோடதையும் சேத்து எதுக்குக் கவுத்தீங்க?”

அவர் பையை எடுத்துக்கொண்டு, “வா, பேக்கரிக்குப் போலாம்” என்றார். தேங்காய் பன்னும் டீயும் வாங்கினார். அக்கா எப்போதும் பன்னின் உள்ளே இருக்கும் பூரணத்தை முதலில் தின்றுவிட்டு வெறும் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிடுவார். அன்று தொடவே இல்லை.

“எங்க மாமனார் தோட்டம் திருப்பூருக்குக் கெழக்க, நொய்யல் கரைல இருக்குது” என்று ஆரம்பித்தார். “நான் கல்யாணமாகிப் போனப்போ தென்னையும் மஞ்சளும் அப்புடி இருக்கும். மேல இருந்து சாயத்தண்ணி ஆத்துல வாரது எல்லாத்துக்கும் தெரியும். நம்ம கெணத்துக்கு வராதுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க. ஒரு நா சோறு வடிக்கறேன், வடிச்ச கஞ்சி ஒரு நெறமா இருந்துச்சு. பொறவு தெனமும் பாத்தேன். தெனமும் அப்புடித்தான். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சவ. மாமாகிட்டப் போயி, கெணத்துத் தண்ணிய எங்கயாச்சும் குடுத்துப் பாக்கலாமுங்கன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்திருந்தாங்க. மாமா, நேத்து வந்தவ எங்கப்பன் வெட்டுன கெணத்தைக் குத்தம் சொல்லறான்னுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மொகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. அதோட வாயை மூடிக்கிட்டேன்.”

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

“அதே தண்ணியத்தான் மாட்டுக்குக் காட்டுனோம். தென்னைக்கும் பாச்சுனோம். மாட்டுக்குச் செனை தங்கலை. மஞ்சக்காடு வெளுத்துப்போச்சு. தென்னை ஒண்ணொண்ணா மொட்டையாச்சு. பொறவு ஆபீசருக வந்து பாத்து, தண்ணி ஆகாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. அப்பத்தான் நாங்க கோயமுத்தூரு வந்தோம். மாமா மட்டும் வரலை. நான் இன்னொருக்கா சொல்லியிருந்தாக் கேட்டிருப்பாங்களோ என்னமோ, தெரியாது கண்ணு. ஆனா நான் சொல்லலை. அந்த வெசனம் எனக்கு இன்னும் போகலை.”

அதற்குப் பிறகு நான் என் அத்தியாயங்களைப் பற்றிப் பேசவில்லை. கோபம் உடனே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் போனேன். ஆனால் மறுநாள் காலை அவர் பக்கத்து முக்காலியில்தான் உட்கார்ந்தேன்.

கைடு ஒரு மாதம்போல அக்காவிடம் நேரடியாகப் பேசவில்லை. எதுவானாலும் என் வழியாகச் சொல்லி அனுப்புவார். பிறகு ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து, யாரையும் பார்க்காமல், “பேப்பரைத் திரும்ப வாங்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, கேன்களை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஒன்றரை ஆண்டு மெதுவான காலம். அமிலத்தைச் சும்மா துளைக்குள் அடைத்தால் நிற்காது, சிலிக்காவின் சுவரோடு கட்டிப் போட வேண்டும். அதற்குச் சுவரில் முதலில் ஒரு காரத்தன்மையுள்ள தொகுதியைப் பதித்து, அதோடு அமிலத்தைப் பிணைத்துப் பார்த்தோம். நிறையக் காரம் வைத்தால் அமிலத்தின் வீரியம் செத்துப்போகும். குறைத்து வைத்தால் ஒழுகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்க வேண்டும். நுங்கு உறைந்தது, வெடித்தது, பொடியானது, மறுபடி உறைந்தது. நான் அலுத்துப்போய்க் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் போட்ட நாட்கள் உண்டு. அக்கா ஒரு பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வடிநீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் லிட்மஸ் தாள் சிவக்கும். “இதுவும் ஒழுகுது” என்று அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

ஒழுகாத ஒன்று கிடைத்த நாளில் மழை பெய்துகொண்டிருந்தது. பாதியில் சூடாக வடிகட்டினோம். தெளிந்த திரவத்தைத் தனியே சுற்றவிட்டோம். அமிலமே சேர்க்காமல் வைத்தால் தானாக எவ்வளவு மாறுமோ, அதற்கு மேல் ஒன்றும் மாறவில்லை. வேலை நின்றுவிட்டது. நான் துள்ளினேன். அக்கா, “என் கையை நான் நம்பலை. நீ முதல்ல இருந்து செய். நான் வெளிய நிக்கறேன்” என்று வராண்டாவுக்குப் போய்விட்டார். நான் செய்தேன். அதேதான் வந்தது. வடிநீரை வெளியூருக்கு அனுப்பி டங்ஸ்டன் இருக்கிறதா என்றும் பார்த்தோம். கருவிக்கு அகப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. வேகம்தான் குறைவு. பழைய தூள் ஒரு காலையில் முடித்த வேலைக்கு இதற்கு மாலைவரை ஆகும்.

அதை வைத்து நான் என் அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். எனக்குப் பெலோஷிப் முடிந்துவிட்டதால் என்னை முதலில் முடிக்கவிட்டு, கருவிக்கு அனுப்பும் வரிசையில் அக்கா என் குப்பிகளையே முன்னால் வைத்தார். பிறகுதான் தன்னுடையதைச் சமர்ப்பித்தார். இன்று நான் சத்தியமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அக்காவுக்கு ஈரோட்டில் வேலை. போனில் பேசினால் முதலில் என் பெண்ணை விசாரிப்பார். அடுத்து எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பார். நான் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி ஒரு கழிவுநீர்த் தொட்டி கட்டவைக்கும்வரை அவர் ஓயவில்லை.

அவருடைய வாய்மொழித் தேர்வுக்கு நான் போயிருந்தேன். அரங்கில் துறை முழுக்க இருந்தது. பேக்கரி பாய்கூட வந்திருந்தார். கடைசி வரிசையில் கணவரும் மகளும் உறவுக்காரர்கள் சிலரும். அவர்களுக்கு நடுவில், தோளில் துண்டோடு, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். அவர்தான் மாமனார். ஊரைவிட்டு எதற்கும் வராதவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

வெளியூர்த் தேர்வாளர் கடுமையான மனிதர். “உங்க முதல் பொருளைவிட இரண்டாவது பொருள் மெதுவா வேலை செய்யுது. மத்தவங்க எழுதினதைவிடவும் மெதுவு. இதை எப்படி முன்னேற்றம்னு சொல்றீங்க?” என்றார்.

அதுவரை ஆங்கிலத்தில் பேசிவந்த அக்கா தமிழுக்கு மாறினார். “மொதலாவது வேகமா இருந்ததுக்குக் காரணமே அது ஒழுகுனதுதானுங்க சார். ஒழுகாம இருந்தா வேகம் இவ்வளவுதானுங்க. மத்தவங்க வடிநீரைப் பாத்தாங்களான்னு அவங்க எழுதலை. நான் பாத்தேன், அதை எழுதியிருக்கறனுங்க.”

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். இன்னும் சில கேள்விகள் கேட்டார். பிறகு எழுந்து நின்று, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கைடு முதலில் எழுந்து தட்டினார்.

லட்டும் மிக்சரும் டீயும் வெளியே வந்தன. பட்டுப்புடவையில் அக்கா ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருந்தார். மாமனார் தட்டை வாங்காமல் நேராக அவரிடம் வந்தார். மஞ்சள் பைக்குள் கைவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்தார். அதில் நிறையத் தண்ணீர்.

“அம்மணி, இது நம்ம கெணத்துத் தண்ணி. நல்ல மழை பேஞ்சு தெளிஞ்சிருச்சு, இனிப் பாச்சலாம், மாடு கட்டலாம்னு எல்லாரும் சொல்றாங்க. தெளிவாத்தான் இருக்குது. நீ பாத்துச் சொல்லாம நான் செய்யறதா இல்லை.”

அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். “சித்தெ இருங்க மாமா” என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். விருந்தாளிகள் லட்டுத் தின்றுகொண்டிருக்க, அவர் அங்கே உப்பின் அளவைப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார். சொட்டு அளக்கும் பியூரெட் குழாயைக் கழுவி மறுபடியும் பார்த்தார். உப்பு எவ்வளவோ அவ்வளவு சொட்டு பிடிக்கும். சொட்டுச் சொட்டாக எவ்வளவு விட்டும் நிறம் மாறுவதாக இல்லை. மாறியபோது பியூரெட் அடி கண்டிருந்தது. பிறகு கண்களை முந்தானையில் ஒற்றிக்கொண்டு எழுந்தார்.

வெளியே எல்லோரும் இருந்தார்கள். உறவுக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

“இன்னும் ஆகலீங்க மாமா. உப்பு நெறைய இருக்குது. மாட்டுக்குக் காட்டாதீங்க. தென்னைக்கும் வேண்டாங்க.”

பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“செரி அம்மணி. நீ சொன்னாச் செரி” என்றார். பிறகு கையை நீட்டினார். “பாட்டலைக் குடு. அடுத்த மழைக்கப்பறம் மறுக்கா கொண்டாரேன்.”